ஒரே ஆணியில் இரண்டு டோக்கன்

எழுது எழுது என்றால் எதைத்தான் எழுதுவான் கிளீட்டஸ்? இடுப்பில் அகலமான வார், வாரிலிருந்து கயிறு, கயிற்று நுனியில் தேய்ந்துபோன லாரி டயர், டயருக்குள்ளே ரெண்டு மூட்டை மணல். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஊரே பூசைக்குப் போகிற நேரத்தில், தூத்துக்குடிக் கடற்கரையில் இதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒருத்தன் வடக்கே போனால் நாய்கூட நின்று பார்க்கத்தான் செய்யும். முதல் மாசம் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை, பழகிவிட்டது. வலை உதறுகிறவர்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், இன்றைக்கு எவன் முகத்தையும் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை. முன்னால் இருபதடி தள்ளிச் சுடலைமணி தன் டயரை இழுத்துப் போய்க்கொண்டிருந்தான், பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டியிருக்கிறது. வருகிற பிப்ரவரியில் நார்வே நாட்டின் வடகோடியில், பனியில், ஏழு நாள், இருநூற்றைம்பது கிலோமீட்டர், சாமான் வண்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு இதே முதுகைப் பார்த்து நடக்க வேண்டும். விட்டால் நடக்கலாம். அந்தப் பந்தயத்துக்குத் தனி ஆளாகப் போக முடியாது, ரெண்டு பேராகத்தான் சேர்ப்பார்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஒருத்தனைப் பற்றி மற்றவன் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். கடுங்குளிரில் உங்கள் துணைவர் எப்படி நடந்துகொண்டார், நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள், இவர் கையில் உங்கள் உயிரை ஒப்படைப்பீர்களா. அதைப் படித்துவிட்டுத்தான் யாரை எடுப்பது, யாரைக் கழிப்பது என்று முடிவு. இன்று சாயங்காலம் அஞ்சு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சுடலைமணி நேற்றே அனுப்பிவிட்டான். சம்பவம் என்னவென்றால், பத்து நாளைக்கு முன்னால், ரெண்டு பேரும் வேலை செய்கிற இறால் கோல்டு ஸ்டோரேஜுக்குள்ளே சுடலைமணி மாட்டிக்கொண்டான், கதவைத் திறந்து அவனை வெளியே கொண்டுவந்தது கிளீட்டஸ். சுடலைமணிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கதவை அடைத்ததும் கிளீட்டஸ்தான். அது அவனுக்குத் தெரியாது.

டயர் ஈர மணலில் பதிந்துகொண்டது. குனிந்து, தொடையை இறுக்கி, ஒரு எம்பு எம்பினால்தான் வரும், எம்பினான், வந்தது. இந்த உடம்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் வேதனை. நாற்பத்திரண்டு வயசில் தொப்பை கரைந்து, கால் ரெண்டும் இரும்பாகி, மூச்சு அளந்துவிட்ட மாதிரி சீராக வருகிறது. ஆறு மாசம் என்ன பாடு பட்டிருக்கிறான். இறால் வாங்குகிற கம்பெனிக்காரன், நார்வேக்காரன், இங்கே கோல்டு ஸ்டோரேஜைப் பார்க்க வந்தவன், மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் இவர்கள் ரெண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்குவதைப் பார்த்து அசந்துபோய், எங்க ஊர்ப் பந்தயத்துக்கு இவங்களை அனுப்புறேன், செலவு என்னுது என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து இந்த டயர்தான் கதி. வேலை முடிந்ததும் அந்தக் குளிர் ரூமுக்குள்ளேயே ஒரு மணி நேரம் கூடாரம் கட்டி அவிழ்ப்பார்கள், விரல் விறைத்த பிறகும் முடிச்சுப் போடுகிற பழக்கம் வேண்டுமே. ஜெனோவாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் பெண்டாட்டி, வாயைத் திறந்தால் கேலிதான் வரும், அவளே மீன் வாங்கப் போன இடத்தில் "எங்க வீட்டுக்காரரு பனி ஊருக்குப் போறாவ" என்று சொல்லியிருக்கிறாள். போன மாசம் பங்குச் சாமியார் பூசையில் ரெண்டு பேர் பெயரையும் சொல்லி மன்றாட்டு வைத்தார். சுடலைமணி வேற சாமி கும்பிடுகிறவன், ஆனாலும் கோயில் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனான். கடவுளே, அதை நினைத்தால் கழுத்து கூசுகிறது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கத் தோன்றவில்லை, எரியட்டும் என்று விட்டுவிட்டான்.

சுடலைமணி நின்று திரும்பினான். கிளீட்டஸும் நின்றான். பக்கத்தில் போய் நிற்க மனசு வரவில்லை, அந்த இருபதடி அப்படியே இருக்கட்டும்.

"எழுதிட்டியால?"

"இல்ல. போயி எழுதணும்."

"அஞ்சு மணி, மக்கா. மறந்து தொலச்சிராத. நான் எழுதுனதக் காட்டவா? எம் மவதான் இங்கிலீசுல மாத்திக் குடுத்தா. கிளீட்டஸ் இல்லன்னா நான் இன்னைக்கு இல்லன்னு போட்டேன். உண்மைதான?"

"அதெல்லாம் எதுக்குல."

"எதுக்கா? சரி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நீ என்னப் பத்தி நல்லதா எழுதிராத. உள்ளத எழுது. லைட்டு போனதும் கத்துனான்னு எழுது. அழுதான்னு எழுது. பேண்டுலயே..." சுடலைமணி கடலைப் பார்த்தான். "அதையும் எழுது. பதினோரு நிமிசம் தாங்க முடியாதவன் ஏழு நாளு எப்படித் தாங்குவான்? அங்க வந்து உன்னயும் சேத்துக் கவுத்துட்டேன்னா? என்னய எடுக்கலன்னா போவட்டும், உனக்கு வேற ஆளு பாத்துத் தரச் சொல்லி மேனேஜர்ட்ட நானே கேக்குதேன்."

கிளீட்டஸ் வாயைத் திறந்தான். வாய்க்குள் காற்றும் உப்பும்தான் இருந்தன. "நடல, வெயில் ஏறுது" என்றான். என்ன மனுஷன் இவன்! சொல்வதற்கு வாகாக வாசலையே திறந்து வைத்து நிற்கிறான் ஒருத்தன், வெயில் ஏறுதாம். சுடலைமணி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான், அவன் டயர் மணலில் பள்ளம் பறித்துக்கொண்டே போனது, அந்தப் பள்ளத்திலேயே கிளீட்டஸின் டயரும் விழுந்து போனது.

கத்தினான், அழுதான், பேண்டிலேயே போனான். அன்று வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்து மணி ஆறரை. டோக்கன் விஷயத்திலிருந்து யோசிக்க வேண்டும், டோக்கன்தான் காரணம், டோக்கனிலிருந்து ஆரம்பித்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. ரூமுக்குள் போகிறவன் தன் நம்பர் போட்ட டோக்கனைக் கதவுக்குப் பக்கத்துப் பலகையில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும், வருகிறவன் எடுத்துக்கொண்டு வர வேண்டும், கடைசியாக வருகிறவன் பலகையைப் பார்த்து எல்லா ஆணியும் வெறுமையாக இருந்தால்தான் லைட்டை அணைத்துக் கொக்கி போட வேண்டும். ஒரு ஆணிக்கு ஒரு டோக்கன். இவர்கள் ரெண்டு பேரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து ஒரே ஆணியில் மாட்ட ஆரம்பித்தார்கள். ஜோடின்னா ஜோடிதாம்ல, என்று சுடலைமணிதான் முதலில் மாட்டினான், சூப்பர்வைசர்கூடப் பார்த்துவிட்டு, தாலி கட்டிக்கோங்கடா என்று சிரித்தார். சிரித்தாரே தவிரத் தடுக்கவில்லை, அவர் தடுத்திருந்தால், சை, அவர் மேல் ஏன் போக வேண்டும். உள்ளே கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளீட்டஸின் வலது கட்டைவிரல் வெள்ளையாகிவிட்டது. கடித்துப் பார்த்தான், கடிப்பது பல்லுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷமாக அந்த ரூமில் வேலை செய்கிறான், ஒருநாளும் பயம் வந்ததில்லை, அன்று வந்தது. காரணமே இல்லை. நெஞ்சில் யாரோ கையை வைத்து அமுக்கின மாதிரி மூச்சு பாதியிலேயே நின்றது, அடுத்த மூச்சு வராது என்று தோன்றியது, இந்த ஊர்க்குளிருக்கே இப்படி என்றால் அந்த ஊரில் ராவும் பகலும் எங்கே ஓடுவாய் என்று தோன்றியது. சுடலைமணி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முடிச்சில் குனிந்திருந்தான். "மூத்திரம் முட்டுது, வந்திருதேன்" என்றான் கிளீட்டஸ். பொய். வெளியே வந்தான். வரவில்லை, ஓடினான். ஓடின வேகத்தில் ஆணியிலிருந்து டோக்கனை உருவினான், ரெண்டும் சேர்ந்து வந்தது, ஆணி வெறுமையானது, வெறுமையான ஆணியைப் பார்த்ததும் பதினாறு வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் லைட்டை அணைத்துக் கதவைத் தள்ளிக் கொக்கியைப் போட்டது. கைதான் போட்டது. அவனும் சேர்ந்துதான் போட்டான், அந்தக் குளிர் பின்னாலேயே வந்துவிடக் கூடாது என்றிருந்தது. உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு கம்பி உண்டு, வெளியே கொக்கி விழுந்துவிட்டால் அது அசையாது. அப்புறம் தட்டுகிற சத்தம்.

அப்புறம் கதவைத் திறந்தான். இல்லை. தட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் கதவைத் திறந்தான், இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் அவன் மனசு பத்து நாளாக மாட்டுவண்டிச் சக்கரம் பள்ளத்தில் விழுந்த மாதிரி விழுந்து விழுந்து எழுகிறது. கேட்டதா? கேட்டது. ஆறு அங்குலக் கதவு, கம்ப்ரஸர் இரைச்சல், சரியாகக் கேட்டிருக்காது என்று சொல்லலாம். யாரிடம் சொல்லலாம்? ஜெனோவாவிடம் சொல்லலாம், சாமியாரிடம் சொல்லலாம், அவனிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. திறந்த பிறகு நடந்ததெல்லாம் தெளிவாக இருக்கிறது. இருட்டுக்குள்ளிருந்து சுடலைமணி வந்து அவன் மேலேயே விழுந்தான், தாடியெல்லாம் கண்ணீர் உறைந்து கிடந்தது, "மக்கா, வந்துட்டியால, வந்துட்டியால" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "லைட்டு பீஸாயிருச்சுல, கம்பியில ஐஸு புடிச்சிருச்சு போல" என்று சொன்னது யார்? இவன்தான் சொன்னான். அவன் கேட்கவே இல்லை, இவனாகவே எடுத்துக் கொடுத்தான். நாக்கு எவ்வளவு சுத்தமாக வேலை செய்தது! விரல்தான் விறைத்திருந்தது, நாக்குக்கு ஒரு கேடும் இல்லை. மறுநாள் கம்பெனி முழுக்கப் பேச்சு, கிளீட்டஸ் அந்த நேரம் திரும்பிப் போகலன்னா என்னாயிருக்கும் என்று. மேனேஜர் கை கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டான்.

அதற்கும் மறுநாள் சனிக்கிழமை பேச்சித்தாய் வந்தாள், சுடலைமணியின் பெண்டாட்டி. சாதாரணமாக வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவள் அன்று உள்ளே வந்து தூக்குவாளி நிறையக் கருப்பட்டிப் பணியாரம் வைத்துவிட்டு, "அண்ணே, எம் புள்ளையளுக்கு நீங்க அப்பனத் திருப்பித் தந்திருக்கிய" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டாள், கேட்டுக்கொள்ளுங்கள். ஜெனோவா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பேச்சித்தாய் போகும்போது குரலைத் தணித்து, "ஒரு வார்த்த அவுககிட்ட பேசுங்கண்ணே, அன்னைலருந்து என் மொகத்தப் பாக்க மாட்டேங்காவ, சோத்தக்கூட திரும்பி உக்காந்து திங்காவ. அந்தப் பேண்ட நான் தொவச்சேன்லா, அதுல வெக்கம். ஆம்பளைக்கு அதுல என்னண்ணே இருக்கு" என்றாள். பணியாரம் ஒன்றை ஜெனோவா அவன் வாயில் திணித்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, மென்றுகொண்டே இருந்தான். அன்று சாயங்காலமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றான். ஏழு பேர், ஆறு பேர், மூன்று பேர், கடைசியில் முன்னால் ஒரே ஒரு கிழவி, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சாமியாரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது, மன்னித்துவிடுவார், அவரா உள்ளே கிடந்தார்? மன்னிப்பு கிடைத்துவிடுமோ என்றுதான் பயம் வந்தது என்று தன்னைத்தானே பெரிய ஆளாக்கிப் பார்த்தான். அதெல்லாம் இல்லை. வெறும் பயம். ரூமிலிருந்து ஓடினதும் கோயிலிலிருந்து ஓடினதும் ஒரே கால்தான்.

உப்பளத்து ஓடை வந்துவிட்டது. இங்கே தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தண்ணீர் குறைவாக, சேறு மினுங்கிக்கொண்டு கிடந்தது, ரெண்டு கொக்குகள் நின்றன. சுடலைமணி குனிந்து முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். இப்போது அவன் வேகம் குறைந்துவிட்டது, கிளீட்டஸ் கவனித்துக்கொண்டுதான் வருகிறான், பத்து நாளாகக் குறைந்துகொண்டே வருகிறது. ஆறு மாசமும் இவனைவிட ஐந்து நிமிஷம் முந்தி வந்து ஓடைக்கரையில் உட்கார்ந்து கிண்டல் பண்ணுகிறவன். காலில் ஒன்றும் இல்லை. மனசு விட்டுப்போயிற்று. தன்னைக் கோழை என்று நம்பிவிட்டான், நம்ப வைத்தது யார், கோழையே பக்கத்தில் நின்று நம்ப வைத்திருக்கிறான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள் இந்தக் கையால் ஒரு பக்கம் எழுத வேண்டும். சுடலைமணி சொன்னபடியே எழுதினால் அவனைக் கழித்துவிட்டு வேறு ஒருத்தனைச் சேர்த்துக் கிளீட்டஸைக் கூப்பிடுவார்கள். சுடலைமணி நல்லவன், தைரியசாலி என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ரெண்டு பேரையும் கூப்பிடுவார்கள். அங்கே பனியில் கூடாரத்துக்குள் ஏழு ராத்திரி இவன் பக்கத்தில் அவன் நம்பிப் படுத்திருப்பான். இதில் எது அதிக அசிங்கம்? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. டயர் பின்னால் நின்றுவிட்டது, அவன்தான் நின்றுவிட்டான்.

"சுடல."

"என்னல?"

"கம்பியில ஐஸு புடிக்கல. வெளிய கொக்கி போட்டிருந்துச்சு. நாந்தான் போட்டேன்."

சுடலைமணி நிமிரவில்லை. முழங்காலில் கை ஊன்றினபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். "டோக்கனப் பாக்கலியா?"

"ரெண்டும் ஒரே ஆணியிலல்லா கெடந்துச்சு. சேத்து உருவிட்டேன். லைட்டையும் நாந்தான் அணச்சேன்."

கொக்கு ஒன்று பறந்து போய் அக்கரையில் இறங்கியது. சுடலைமணி மெதுவாக நிமிர்ந்தான். முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று, கடைசியில், ஆச்சரியம், ஒரு சிரிப்பு வந்தது. "அட கூறுகெட்டவனே. இதுக்கா பத்து நாளா பேயறஞ்சவன் கணக்கா அலயுத? ஒரே ஆணியில மாட்டச் சொன்னவன் நானுல்லா. தெரியாமப் போட்டதுக்கு நீ என்ன செய்வ? தெரிஞ்சதும் ஓடி வந்து திறந்துட்ட. விடுல."

முடிந்தது. அவ்வளவுதான். இந்த இடத்தில் வாயை மூடினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பி நடக்கலாம், வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு ஒரு பக்கம் எழுதலாம், டோக்கன் தவறையும் சேர்த்து எழுதினால் நேர்மையானவன் என்றுகூட எடுத்துக்கொள்வார்கள். கிளீட்டஸுக்கு நெஞ்சு லேசானது. லேசானதை அவனே உணர்ந்தான், உணர்ந்ததைப் பொறுக்க முடியவில்லை.

"ஓடி வரல" என்றான்.

"என்னது?"

"மொத தட்டுலயே கேட்டுச்சு. நீதான்னு தெரிஞ்சுச்சு. உள்ள லைட்டு இல்லன்னும் தெரியும். மெசின் ரூமு ஹீட்டர் முன்னால நின்னேன். பிளாஸ்குல டீ இருந்துச்சு, ஊத்திக் கையில வச்சிருந்தேன். அந்தக் கதவுல கைய வைக்க முடியலல. திறந்தா அந்தக் குளிரு திரும்ப வருமேன்னு... நீ தட்டிக்கிட்டே இருந்த."

"எவ்வளவு நேரம் நின்ன?"

"டீயக் குடிச்சு முடிக்கிற வரைக்கும்."

"முழுசாவா?"

"முழுசா."

சுடலைமணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிக்கப் போகிறான் என்று கிளீட்டஸ் நினைத்தான், அதற்காக முகத்தைக்கூடக் கொஞ்சம் முன்னால் நீட்டினான். சுடலைமணியின் கை எழும்பியது, எழும்பித் தன் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டது, ஒருமுறை, இன்னொருமுறை. தோள் ரெண்டும் குலுங்கின.

"அப்ப... கதவு அடச்சிருந்துச்சு" என்றான். "ஒருத்தன் வெளிய கொக்கி போட்டு, தட்டத் தட்டக் கேட்டுக்கிட்டு நின்னிருக்கான். அதுக்குல்லா நான் கத்தியிருக்கேன். எவனா இருந்தாலும் கத்துவாம்லா? நீயா இருந்தாலும் கத்துவ."

"நான் செத்தே போயிருப்பேன்."

"வெறும் இருட்டப் பாத்துப் பயந்துட்டேன்னு நெனச்சேன்ல. ஆளு செத்துட்டான், இனி வெறும் கூடுன்னு நெனச்சேன்." இடுப்பு வாரை ஒரு இழு இழுத்துவிட்டான். "டீ குடிச்சியே, அது கெடக்கட்டும், பயந்துட்ட. எனக்கும் அது என்னன்னு தெரியும். கதவத் திறந்த பெறவும் பத்து நாளு என்ன உள்ளயே போட்டு வச்சிருந்தியே. அதுக்கு உனக்கு எந்தக் குளிருல அடிச்சுது?"

இத்தனை நாளும் பதினோரு நிமிஷத்தையே சுற்றிச் சுற்றி வந்த கிளீட்டஸுக்கு இந்தப் பத்து நாள் கணக்கில் வரவே இல்லை.

"எழுது" என்றான் சுடலைமணி. "எல்லாத்தையும் எழுது. உன்ன எடுக்க மாட்டான், என்ன ஒத்தையில விட மாட்டான், வேற ஆளும் எனக்கு வேண்டாம். போவட்டும்."

சொல்லிவிட்டுத் தெற்கே திரும்பினான். நடக்க ஆரம்பித்தவன் கொஞ்ச தூரத்தில் ஓடத் தொடங்கிவிட்டான், வாரை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை, டயர் மணலைச் சீய்த்துத் துள்ளித் துள்ளிப் பின்னால் போயிற்று. வீட்டுக்குத்தான் ஓடுகிறான், பேச்சித்தாயிடம் சொல்ல ஓடுகிறான். நாலு கிலோமீட்டரையும் ஓடியே போவான் போல இருந்தது. ஆறு மாசத்தில் அவன் ஒருநாளும் இப்படி ஓடிக் கிளீட்டஸ் பார்த்ததில்லை. அந்த ஓட்டத்தை நிறுத்தி வைத்திருந்தது தான் சொல்லாத ஒரு சொல்தான், அதைப் பத்து நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தோம் என்று பார்த்துக்கொண்டே நின்றான். கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டாவது போயிருக்கலாம்.